தாத்தாவின் காசு டின்: கொள்ளுப்பேத்திக்கா, பங்கு பிரிக்கவா?

பிரிவு: பழங்காசுகள் › பொது விவாதம்

#1 அமராவதிக்கரை

அனைவருக்கும் வணக்கம். நெடுநாளாக இங்கே வாசகன். எழுதுவது இதுவே முதல் முறை. ஒரு குடும்பச் சிக்கலுக்கு யோசனை கேட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) கரூர் வட்டாரத்தில் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். பழைய பாத்திரம் வாங்குகிறவர்களிடமும், ஆற்றில் மணலை அரித்துப் பொன்துகள் தேடுகிறவர்களிடமும் காசு வாங்கிச் சேர்ப்பார். அப்பத்தா திட்டிக்கொண்டே இருப்பார். அவர் விட்டுச் சென்றது ஒரு பிஸ்கட் டின். உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட காசுகள். ஒவ்வொன்றும் பழைய மணியார்டர் படிவத்தை வெட்டி ஒட்டிய சிறு உறையில் இருக்கிறது. உறைமேல் பென்சில் எழுத்து: ஊர், மாதம், ஆண்டு, கொடுத்த விலை. "மணல் அரிப்பவர், அமராவதி, பாலத்துக்குக் கீழ்ப்புறம், எட்டணா" என்ற மாதிரி.

எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்: யானை ஒருபுறமும் வில் அம்பு மறுபுறமும் உள்ள சதுரச் செப்புக் காசுகள்தான் அதிகம். பொத்தான் அளவில் தேய்ந்த ரோமானியச் செப்புக் காசுகள் ஒரு கைப்பிடி. ராஜராஜன் காசுகள், பிற்காலப் பாண்டியர் காசுகள், புதுக்கோட்டை அம்மன் காசு, புதுச்சேரியின் பிரெஞ்சுத் துட்டு, ஓட்டைக் காலணா எல்லாம் கலந்து கிடக்கின்றன.

அப்பாவுக்கு இதில் ஆர்வமே இருந்ததில்லை. டின் பரணில் கிடந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அதை இறக்கி வைத்துக்கொண்டு எழுந்திருக்க மறுக்கிறாள். இதற்குள் நியூஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா மகன், பாதி தனக்குச் சேர வேண்டும் என்கிறான். அவன் பையனுக்கும் இதே ஆசையாம். கேட்பது நியாயம்தான், அவனுக்கும் அவர் அப்பாரு. அப்பாவோ, "விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம்" என்கிறார்.

என்ன செய்யலாம்? மகளுக்கு இதை எப்படி அறிமுகப்படுத்துவது?

#2 செம்புத்துட்டு

வாருங்கள் தம்பி. பங்குச் சண்டைக்கு முன்னால் அவசரமான ஒன்று: வீட்டில் யாரும் புளி, எலுமிச்சை, விபூதி எதையும் அந்தக் காசுகள் பக்கம் கொண்டுபோகக் கூடாது. பளபளவென்று இருந்தால்தான் மரியாதை என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஓர் எண்ணம். குத்துவிளக்குக்கு அது சரி. இரண்டாயிரம் ஆண்டுப் பச்சைப் படலம்தான் செப்புக் காசின் தோல். அதை உரித்தால் எழுத்தும் கூடவே போய்விடும்.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தொட்டுத் தொட்டு எடுக்கலாம். தினமும் நீரை மாற்றுங்கள். வெளிர் பச்சையில் மாவு மாதிரி உதிர்கிற புள்ளி ஏதாவது காசில் தெரிந்தால் அதை உடனே தனியாக வையுங்கள். அது படலம் இல்லை, வெண்கல நோய். உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்து தின்னும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது. அங்கே கேட்டு நடந்துகொள்ளுங்கள். கடைகளில் கிடைக்கும் மெல்லிய பிவிசி உறைகளில் போடவே போடாதீர்கள். சில ஆண்டுகளில் அது பிசுபிசுவென்று பச்சையாகக் கசிந்து காசில் ஒட்டும்.

உங்கள் தாத்தாவின் மணியார்டர் உறைகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். யானையும் வில்லும் உள்ள சேரர் காசு சந்தையில் கிடைக்கும். எந்த ஆற்றில், எந்த இடத்தில், எந்த ஆண்டு கிடைத்தது என்று பென்சிலில் எழுதிய சேரர் காசு கிடைக்காது. பழைய காகிதத்தில் அமிலம் இருக்கும். ஆகவே காசை அமிலமற்ற புதிய உறைக்கு மாற்றி, பழைய உறையை அதே எண் போட்டுத் தனிக் கோப்பில் வையுங்கள்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். குழந்தைகளிடம் மிகப் பழையதை முதலில் நீட்டுவதுதான் எல்லாரும் செய்வது. தேய்ந்த சதுரச் செம்பில் யானை எங்கே என்று தேடுவதற்குள் பிள்ளைக்குக் கொட்டாவி வந்துவிடும். அவளே படிக்கக்கூடிய காசிலிருந்து தொடங்குங்கள். புதுச்சேரித் துட்டின் ஒரு பக்கம் பிரெஞ்சு அரசரின் அல்லிப்பூ, மறுபக்கம் தமிழில் "புதுச்சேரி" என்று வரி பிரித்து எழுதியிருக்கும். ஆறாம் வகுப்புப் பெண் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தில் அடித்த காசிலும் ஊர்ப்பெயர் தமிழில்தான் இருக்கும்.

அடுத்தது பிற்காலப் பாண்டியர். "சோணாடு கொண்டான்", "எல்லாந்தலையானான்", "கச்சி வழங்கும் பெருமாள்", "புவநேகவீரன்", "சமரகோலாகலன்" என்று பட்டப்பெயர்களாலேயே காசை நிரப்பியிருக்கிறார்கள். எழுத்தில் புள்ளி இருக்காது. ஓகாரமும் ஒகரமும் ஒன்றாகவே தெரியும். "சொணாடு கொணடான" என்றுதான் கண்ணுக்குப் படும். அதை அவளே அவிழ்க்கட்டும். நீங்கள் சொல்லிக் கொடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்துபோகும்.

அதற்குப் பிறகு தமிழி (தமிழ் பிராமி என்ற பழைய எழுத்து) அட்டவணை ஒன்றை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளைகளுக்கு அது ரகசிய எழுத்து. என் பேரன் பள்ளிக்கூட நோட்டில் நண்பர்களுக்குத் தமிழியில்தான் கடிதம் எழுதினான். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

#3 நடைபாதைக் கடை

இருபக்கமும் தெரிந்தவன் என்பதால் அப்பாவின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். விற்றால் என்ன கிடைக்கும்? நினைப்பதைவிடக் குறைவு. ராஜராஜன் செப்புக் காசு தமிழகத்திலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைப்பது. தேய்ந்த ரோமானியச் சிறுகாசுகளை எடைக்குக் கேட்பவர்களும் உண்டு. ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை அடித்துத் தள்ளியது. அதை லட்சத்துக்கு வாங்குவதாகச் சொல்பவன் உங்களிடம் பதிவுக் கட்டணம் வாங்கத்தான் வருகிறான். ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணயம் வாங்கும் மோசடியைப் பற்றி 2021 ஆகஸ்டிலேயே அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலசம் என்று வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

டின்னில் ராமர் பட்டாபிஷேகம், அனுமன், 1818, கிழக்கிந்தியக் கம்பெனி, அரையணா என்று போட்ட தடித்த செப்புக் காசு இருக்கிறதா? இருந்தால் மகளுக்கு விளையாடக் கொடுங்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. தமிழ்நாட்டில் பாதிப் பூஜை அறைகளில் அது மஞ்சள் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கிறது. அதைப் போலி என்று சொன்னதற்காக என்னோடு பேச்சை நிறுத்திய உறவினர்கள் உண்டு.

வார்ப்புப் போலிகளைக் கண்டுபிடிக்க: விளிம்பில் சுற்றிலும் மெல்லிய ஒட்டுக்கோடு, மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள், எழுத்தின் ஓரம் மழுங்கியிருப்பது. எடையைப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள். பத்து மில்லிகிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

#4 குழி எண் நான்கு

தொல்லியல் படிக்கும் மாணவி நான். இந்த இழையில் எல்லாரும் அன்பாகப் பேசிக்கொண்டிருக்கும்போது கசப்பாக ஒன்று சொல்வதற்கு மன்னிக்க வேண்டாம், கேட்டால் போதும்.

அகழாய்வுக் குழியில் ஒரு காசு கிடைத்தால் அது அந்த மண்ணடுக்குக்கு நாள் குறிக்கும். காசு அடித்த காலத்துக்கு முன்னால் அந்த அடுக்கு உருவாகியிருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்லலாம். கூடவே கிடைக்கும் பானை ஓடு, மணி, எலும்பு எல்லாவற்றுக்கும் அந்த நாள் உதவும். அழகன்குளத்தில் ரோமானியக் காசுகள் அகழாய்வில் கிடைத்ததால்தான் அந்தத் துறைமுகத்தின் பிற்காலத்தைப் பற்றித் துணிந்து பேச முடிகிறது. அதே காசு ஆற்றிலிருந்து அரித்து எடுக்கப்பட்டு, எட்டணாவுக்குக் கைமாறி, பிஸ்கட் டின்னில் படுத்துவிட்டால் அது ஓர் அழகான பொருள். அவ்வளவே. சேகரிப்பாளர்கள் வாங்குவதால்தான் அரிக்கிறார்கள். வாங்குவதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுப்பதை என்னால் கொண்டாட முடியவில்லை.

டின்னை அப்படியே அரசு அருங்காட்சியகத்திற்குக் கொடுத்துவிடுங்கள் என்பதே என் யோசனை.

#5 செம்புத்துட்டு

மகளே, நீ சொல்வதில் முக்கால் பங்கு உண்மை. மீதிக் கால் பங்குக்காகச் சண்டை போடுகிறேன்.

சங்க காலப் பாண்டியர் காசு அடித்தார்களா என்று ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது. "பெருவழுதி" என்று தமிழியில் பெயர் பொறித்த சதுரக் காசு அந்தச் சந்தேகத்தை உடைத்தது. அது எந்தக் குழியிலும் கிடைக்கவில்லை. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி வணிகரிடம் வாங்கிய காசுகளில் கண்டெடுத்தது. சேரர் காசுகளும் அப்படித்தான்: மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்புறை, கொல்லிரும்பொறை என்று பெயர் தாங்கிய காசுகள் கரூர் ஆற்றுப்படுகை தந்தவை. மாக்கோதை காசில் அரசனின் தலையே இருக்கிறது. இலக்கியத்தில் மட்டும் கேட்ட பெயர்களுக்கு உலோகத்தில் சான்று கிடைத்தது சேகரிப்பாளர்களால்.

பழங்கதையும் இதுதான். 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியக் காசுகளைப் பற்றி முதலில் நூல் எழுதியவர்கள் யார்? வால்டர் எலியட் அரசு அதிகாரி. திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி 1888இல் எழுதிய லோவெந்தால் ஒரு பாதிரியார். டஃப்னெல் படை அதிகாரி. எல்லாரும் கடைவீதியில் வாங்கிச் சேர்த்தவர்கள்.

#6 குழி எண் நான்கு

ஐயா, அந்தக் கதையிலேயே என் பதிலும் இருக்கிறது. எலியட் படம் வரைந்து வெளியிட்ட உத்தம சோழன் பொற்காசு இன்று எங்கே? மூலக் காசு காணாமல் போய்விட்டது. படம் மட்டும் மிச்சம். ஒருவர் கையில் இருந்த பொருள் அவருக்குப் பின்னால் என்ன ஆகும் என்பதற்கு யார் உத்தரவாதம்? மாக்கோதை காசு வெளிவந்தபோதும், அகழாய்வில் கிடைக்காத ஒன்றை எப்படி நம்புவது என்ற கேள்வி எழத்தானே செய்தது?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பென்சில் குறிப்போடு இருக்கும் டின் மற்ற டின்களைப் போன்றது அல்ல. ஆற்றில் எந்த இடத்தில் எந்தக் காலத்துக் காசு குவிகிறது என்று பார்க்க அந்தக் குறிப்புகள் உதவும். அவற்றைப் படியெடுத்து ஆய்வாளர்கள் பார்க்கும்படி வைத்தால் என் கோபம் பாதி தணியும். மீதிப் பாதி இனிமேல் வாங்குவதைப் பற்றியது. அது தணியாது.

#7 கறுப்பு அங்கி

சட்டத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. மூன்று விஷயங்கள்.

நியூஜெர்சிக்கு அனுப்ப முடியாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறு ஆண்டுகளைக் கடந்த காசு தொல்பொருள். தனியாள் அதை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வது குற்றம். குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்றாண்டு சிறைத் தண்டனை. "தாத்தா சொத்து", "பையில் இரண்டே இரண்டு காசு" என்பதெல்லாம் விமான நிலையத்தில் எடுபடாது. இந்தியாவும் அமெரிக்காவும் பண்பாட்டுச் சொத்துகள் பற்றி 2024 ஜூலையில் ஒப்பந்தமும் செய்துகொண்டுள்ளன. எனவே உங்கள் தம்பி பங்கு கேட்பது சரி, எடுத்துச் செல்வது சரியல்ல.

விற்பதானாலும், தொல்பொருள் வணிகம் உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது. யாரோ செயலியில் பார்த்துக் கேட்டார்கள் என்று கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாவது புதையல். 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்றால் இன்று எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். அரசு எடுத்துக்கொண்டால் அதிலுள்ள உலோகம் முதலிய மூலப்பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். அரசு எடுக்காவிட்டால், நிலத்துக்காரரோடு வேறு உடன்பாடு இல்லாத நிலையில் நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு. சட்டம் இவ்வளவு தாராளமாக இருந்தும், தகவல் சொன்னால் எல்லாம் போய்விடும் என்ற பயத்தில் பொற்காசுகள் உருக்கப்பட்டு வளையலாகிவிடுகின்றன. சேகரிப்பைவிடப் பெரிய எதிரி பொற்கொல்லரின் உலை என்று அந்த மாணவிக்கும் சொல்லி வைக்கிறேன்.

#8 அமராவதிக்கரை

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ராமர் காசு இருக்கிறது! இரண்டு. உறையில் அப்பாரு எழுதியிருப்பது: "கோயில் காசு. பொய். குழந்தைகளுக்கு." அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

புதுச்சேரித் துட்டை மகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டாள். பிரெஞ்சுக்காரன் ஏன் தமிழில் எழுதினான் என்று கேட்டாள். இங்கே வாங்குகிறவனுக்குப் புரிய வேண்டுமே என்றேன். "அப்படியென்றால் ராஜராஜன் ஏன் தமிழில் எழுதவில்லை?" என்று அடுத்த கேள்வி. அந்தக் காசில் "ஸ்ரீ ராஜராஜ" என்று நாகரி எழுத்தில் இருப்பதை இதே தளத்தில் யாரோ போட்ட பழைய இணைப்பில் பார்த்திருக்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. யாராவது உதவுங்கள்.

தம்பியிடம் சட்டத்தைச் சொன்னேன். முதலில் நான் சாக்குச் சொல்வதாக நினைத்தான். கறுப்பு அங்கியின் பதிவை அனுப்பிய பிறகு அமைதியானான்.

#9 சேதுக்கரை

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து ரொறன்ரோவில் இருப்பவன். உங்கள் தம்பியின் ஏக்கம் எனக்குத் தெரியும். ஆகவே அவருக்காக நான் எழுதுகிறேன்.

என் அம்மப்பாவிடம் சேதுக் காசுகள் இருந்தன. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்டவை. ஒரு பக்கம் நிற்கும் உருவம்; மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் "சேது". எங்கள் பிள்ளைகளுக்கு, தமிழில் எழுத்துப் பொறித்த காசை எங்கள் ஊர் அரசு வெளியிட்டது என்று காட்ட அதைவிட வேறு என்ன வேண்டும்? 1619இல் போர்த்துக்கேயர் அந்த அரசை முடித்துவைத்தார்கள். அம்மப்பாவின் காசுகளில் பெரும்பாலானவை இடம்பெயர்ந்த காலத்தில் போய்விட்டன. எஞ்சியவை ஊரில் என் தமக்கையிடம் இருக்கின்றன. இலங்கைச் சட்டமும் கடுமையானதுதான். 1815 மார்ச் 2க்கு முற்பட்டவை தொல்பொருள். உரிமம் இல்லாமல் வெளியே கொண்டுவர முடியாது. கொண்டுவரவும் நான் விரும்பவில்லை.

அதனால் வேறு வழி செய்தோம். தமக்கையின் மகள் ஒவ்வொரு காசையும் இரு பக்கமும் படம் எடுத்து, எடையும் விட்டமும் குறித்து அனுப்புவாள். இங்கே என் மகன் அதை வாசித்து, ஏற்கெனவே பதிப்பித்த காசுகளோடு ஒப்பிட்டு வகை பிரிப்பான். ஞாயிற்றுக்கிழமை காணொளி அழைப்பில் இருவரும் சண்டை போடுவார்கள். காசு ஓரிடத்தில், வேலை இரண்டு இடங்களில். ஊருக்குப் போனபோது மகன் முதலில் கேட்டது கோயிலையோ கடலையோ அல்ல, தான் மூன்றாம் வகை என்று வாதாடிய காசைத்தான்.

உங்கள் மகளின் கேள்விக்கு: ராஜராஜன் பெயரிலான அந்தச் செப்புக் காசு, நிற்கும் உருவம் ஒருபுறமும் அமர்ந்த உருவம் மறுபுறமுமாக, கடல் தாண்டி இலங்கையிலும் புழங்கியது. பிறகு பொலன்னறுவை அரசர்கள் அதே உருவத்தை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றி, அதே நாகரி எழுத்தில் அடித்தார்கள். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், இன்னும் பலர். பல மொழி பேசும் வணிகர்களிடம் செல்ல வேண்டிய காசு என்பதால் பொது எழுத்தாக நாகரியை வைத்திருக்கலாம் என்பது என் ஊகம். அவளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: அந்த வரிசையில் லீலாவதி என்ற அரசியின் பெயரிலும் காசு இருக்கிறது. 1197 முதல் 1212 வரையான காலத்தில் மூன்று முறை அரியணை ஏறி இறங்கியவள். உங்கள் அப்பாருவின் டின்னில் அவள் தேடிப் பார்க்கட்டும். ராஜராஜன் என்று எழுதிய உறைக்குள் லீலாவதி ஒளிந்திருப்பது நடக்காத காரியம் அல்ல.

#10 இரு பிள்ளைகளின் தாய்

எல்லாருடைய பேரன் பேத்தியும் தமிழியில் கடிதம் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை போலிருக்கிறது. என் மாமனார் சேர்த்த காசுகளை என் கணவர் மாதம் ஒருமுறை பிள்ளைகளை உட்கார வைத்து விளக்குகிறார். பெரியவன் கைபேசியை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்கிறான். சின்னவள் ஓட்டைக் காலணாவில் நூல் கோத்து பொம்மைக்கு மாலை போட்டாள். அதற்கு வாங்கிய திட்டில் அந்தப் பக்கமே வருவதில்லை.

பாசத்தைக் கட்டாயப் பாடமாக்காதீர்கள் என்று ஆண்களிடம் சொல்லத்தான் வந்தேன். இன்னொன்றும் உறுத்துகிறது. இந்த இழையில் சேர்த்தவர்கள் எல்லாரும் தாத்தாக்கள். அந்தக் காசுகளுக்குக் கொடுத்த எட்டணா எந்தச் செலவிலிருந்து பிடிக்கப்பட்டது என்று அப்பத்தாவைக் கேட்டால் வேறு வரலாறு வரும். அவர் திட்டினார் என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள்.

#11 செம்புத்துட்டு

அம்மா சொல்வது சுரீர் என்கிறது. சுரீர் என்றே இருக்கட்டும்.

ஓட்டைக் காலணாவைக் கோத்த பெண்ணைத் திட்டியிருக்க வேண்டாம். செப்பு மிச்சம் பிடிக்கப் போர்க்காலத்தில் நடுவில் ஓட்டை போட்ட காசு அது. கிராமங்களில் அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டியவர்களும் உண்டு. அவள் செய்ததுதான் அந்தக் காசின் உண்மையான புழக்கம். ஒரு ரூபாய்க்கு எத்தனை காலணா என்று கேட்டுப் பாருங்கள். 64 என்றதும், ஏன் நூறு இல்லை என்பாள். 1957இல் நயா பைசா வந்தபோது சந்தையில் நடந்த குழப்பத்தைச் சொல்லுங்கள். மாமனார் உயிரோடு இருந்தால் அவரையே சொல்லச் சொல்லுங்கள். காசை விளக்குவதைவிடக் காசால் ஏமாந்த கதையும் பேரம் பேசிய கதையும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பெரியவனை விட்டுவிடுங்கள். எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் பிடித்தது.

#12 நடைபாதைக் கடை

மாணவிக்கு ஒரு வார்த்தை. இனிமேல் வாங்குவதைப் பற்றி உங்கள் கோபம் புரிகிறது. என் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது என்பதால் நான் நடுநிலையாளன் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்காக வருபவர்களிடம் நான் ஆற்றுக் காசு கொடுப்பதில்லை. காலணா, தம்பிடி, அம்மன் காசு இவற்றிலிருந்து தொடங்கச் சொல்வேன். புதுக்கோட்டை அம்மன் காசு எந்த மண்ணையும் தோண்டி வந்தது அல்ல. நவராத்திரியில் அரண்மனையில் அரிசியோடு கொடுத்தது; 1889 முதல் இயந்திரத்தில் அடித்தது; வீடு வீடாகப் பெட்டியில் கிடக்கிறது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் "விஜய". தமிழ்நாட்டுச் சமஸ்தானத்தில் தெலுங்கு எப்படி வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டால் நாயக்கர் ஆட்சிக்குள் போய் வந்துவிடலாம். விலையோ ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் அடங்கும்.

#13 குழி எண் நான்கு

அம்மன் காசில் எனக்கும் சண்டை இல்லை.

#14 அமராவதிக்கரை

இப்போதைக்கு நாங்கள் முடிவு செய்திருப்பது. டின் பிரிக்கப்படாது, கோவையில் என்னிடம் இருக்கும். உரிமை இரண்டு வீட்டுக்கும். விற்பதென்றால் இரண்டு பேரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். சேதுக்கரை சொன்ன முறையைத் தம்பி உடனே பிடித்துக்கொண்டான்: மகள் படமும் எடையும் அனுப்புவாள், அவன் பையன் ரோமானியக் காசுகளை வகை பிரிப்பான். பையனுக்குக் கையில் பிடிக்க ஒன்று வேண்டும் என்பதால் அங்கே முறையான வணிகரிடம் ரோமானியப் பேரரசர் திபேரியஸின் வெள்ளிக்காசு ஒன்று வாங்கித் தரப்போகிறான். கொங்குப் பகுதிப் புதையல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள்தான் அதிகம் என்பதைப் பையனே தேடிப் படித்துவிட்டு அதைக் கேட்டானாம்.

உறைகளைப் படியெடுத்து அருங்காட்சியகத்துக்கும் ஆய்வு செய்பவர்களுக்கும் கொடுப்போம். வெண்கல நோய் என்று சந்தேகப்பட்ட காசுகளைத் தனியாக எடுத்துவிட்டோம்.

அப்பத்தாவிடமும் கேட்டேன். எட்டணா பற்றிக் கேட்டதும் சிரித்தார். பால்காரருக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் கை வைப்பார் என்றார். சில உறைகளில் இருக்கும் விலை பொய்யாம்; தனக்குப் பயந்து குறைத்து எழுதுவாராம். மகள் அதையும் குறிப்பில் ஏற்றியிருக்கிறாள்: "விலை நம்பத்தக்கது அல்ல. தகவல்: அப்பத்தா."

தம்பி மகனிடமிருந்து ஒரு கேள்வி. இந்தியாவில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளின் படங்களில் அரசன் முகத்தின் குறுக்கே ஆழமான வெட்டு இருக்கிறதே, அது ஏன்? எங்கள் செப்புக் காசுகளில் அப்படி இல்லை.

#15 குழி எண் நான்கு

விலைக் குறிப்பில் தகவல் தந்தவரைப் பதிவு செய்த உங்கள் மகள் எங்கள் துறைக்கு வந்தால் மகிழ்வேன்.

வெட்டைப் பற்றி. 1898இல் புதுக்கோட்டை அருகே கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. கடைசிக் காசு கி.பி. முதல் நூற்றாண்டுப் பேரரசர் வெஸ்பாசியன் காலத்தது. பத்தில் ஒன்பதுக்கு மேல் உளியால் முகத்தின் குறுக்கே வெட்டப்பட்டவை. உள்ளே செம்பா என்று சோதிக்க வெட்டினார்கள் என்பது எளிய விளக்கம். ஆனால் சோதிக்க விளிம்பில் ஒரு கீறல் போதும், தலையைத் தேடி வெட்ட வேண்டியதில்லை. அந்நிய அரசனின் முத்திரையை இங்கே செல்லாததாக்கி, காசை வெறும் பொன்னாக எடைக்கு மாற்றிக்கொண்டார்கள் என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தேய்ந்து எடை குறைந்தவற்றைப் புழக்கத்திலிருந்து நீக்க வெட்டினார்கள் என்றும் ஒரு கருத்து உண்டு. அந்தப் புதையலில் ஒரு பகுதி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பையன் இணையத்தில் படங்களைப் பார்த்து எது சரி என்று வாதாடட்டும்.

உங்கள் செம்புகளில் வெட்டு இல்லாததற்குக் காரணம் அவை வேறு காலம். இங்கே கிடைக்கும் அந்தச் சிறுகாசுகள் பெரும்பாலும் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுக்கு உரியவை. பொன் அல்ல என்பதால் எடைக்கு மாற்றவும் தேவையில்லை, சில்லறையாகவே புழங்கின. இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன, உள்ளூரிலேயே அவற்றைப் பார்த்து அடித்த நகல்களும் உண்டு. உங்களுடையவற்றில் சில அப்படிப்பட்ட நகல்களாக இருக்கலாம்.

நேற்று நீங்கள் தளத்தில் போட்ட காசுப் படங்களில் ஏழாவது காசின் பின்பக்கம் தெளிவாக இல்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து மறுபடி எடுத்துப் போடச் சொல்லுங்கள்.